கிளாஸில் டீ இருக்கும்வரை

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கம்பெனியின் படிப்பறையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இப்போது படிப்பறை முக்கால்வாசி செல்போனுக்குள் போய்விட்டது. நீங்கள் எதைப் படித்தீர்கள் என்று கவனித்து, அடுத்து எதைப் படிக்கலாம் என்று அதுவே சொல்லும் ஒரு செயலி வந்திருக்கிறது. என் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். மரியாதைக்கு ஒரு மர்மக் கதையைப் படித்தேன். சாப்பாட்டில் விஷம் வைத்துக் கொல்கிற கதை. அன்றிலிருந்து அந்தச் செயலி எனக்கு விஷத்தைத் தவிர வேறு எதையும் காட்டுவதில்லை. என் வீட்டுக்காரர் ஒரு நாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்கிறார். அந்த வகையில் செயலி உபயோகமானதுதான்.

நித்யா கேட்டது இரண்டு. ஒன்று, யாருக்கு எந்தப் புத்தகம் என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைக் கம்பெனி மலருக்கு ஒரு கட்டுரையாக எழுதித் தரவேண்டும். இன்னொன்றைப் போகிற போக்கில் கேட்டாள். "அக்கா, பழைய பீரோல இருக்கற புக்குல எல்லாம் கலர் கலரா டேக் கட்டியிருக்குது. பாக்க அசிங்கமா இருக்குது. கத்தரிச்சுப் போட்டுடவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுரை வரும்வரை கத்தரிக்கோலைத் தொடாதே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆகையால் நித்யா, இது உனக்கு. மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது டைம் ஆபீஸில். வேப்பனப்பள்ளிப் பெண்ணுக்கு ஓசூரில் கம்பெனி வேலை என்று வீட்டில் ஒரே பெருமை. ஒரு கூடை மாம்பழத்தோடு கொண்டுவந்து ஹாஸ்டலில் விட்டுப்போனார்கள். லேட்டாக வருகிறவர்களைப் பிடித்து முறைப்பதுதான் வேலை. எனக்கு முறைக்க வரவில்லை. மேஜைக்கு அடியில் நாவலை வைத்துப் படிக்கிறவளுக்கு யார் லேட்டாக வந்தார்கள் என்று எப்படித் தெரியும்? ஒரு நாள் வெல்ஃபேர் ஆபீசர் வேணுகோபால் சார் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். மெமோ வரப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இது யாருக்கு நல்லது என்று கேட்டார். பிரஸ் ஷாப்பில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு, தூக்கமே வராது என்றேன். மறுவாரம் என்னைப் படிப்பறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. புத்தகம் அடுக்கவும், கரையான் பார்க்கவும், திருப்பித் தராதவர்களைக் கேன்டீன் வரிசையில் வைத்து மானத்தை வாங்கவும் சில வருஷங்களில் கற்றுக்கொண்டேன். அதையெல்லாம் விவரித்தால் உனக்குக் கொட்டாவி வரும்.

வேணுகோபால் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். வீட்டில் தெலுங்கு, கம்பெனி பஸ் டிரைவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், மேனேஜ்மென்ட்டோடு சண்டை வந்தால் மட்டும் இங்கிலீஷ். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார், ஒன்றையும் யாருக்கும் தரமாட்டார். நாவல் என்று ஒன்றைக்கூட அவர் வாழ்க்கையில் படித்ததில்லை. ஆனால் தினமும் படிப்பறைக்கு வருவார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் மாதிரி அலமாரியை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு ஒரு புத்தகத்தைக் காட்டி, "எனக்கு ஏன் இது?" என்பார். அதுதான் எனக்கு வைக்கிற பரீட்சை. ரொம்ப நன்றாக இருக்கும் சார் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். கேன்டீன் உப்புமாவையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள், அதற்காகத் தினமும் அதையே சாப்பிட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆளைப் பற்றிக் கேள் என்பது அவர் சட்டம். அதற்கு மூன்று கேள்விகள் வைத்திருந்தார். கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள் என்பது முதல் கேள்வி. என்ன பிடிக்கும் என்று கேட்டால் எல்லாரும் கெத்தாக எதையாவது சொல்லுவார்கள், எதைப் பாதியில் மூடினாய் என்று கேட்டால்தான் உண்மை வரும் என்பார். அது சத்தியமான பேச்சு. சரித்திரம்தான் பிடிக்கும் என்று மார்தட்டிய ஸ்டோர்ஸ் கண்காணிப்பாளர் பாதியில் மூடியதெல்லாம் சரித்திரமாகவே இருந்தது. அவருக்குத் துப்பறியும் கதை கொடுத்த பிறகுதான் மனுஷன் படிக்க ஆரம்பித்தார்.

எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள் என்பது இரண்டாவது. இதைக் கேட்காமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேக்கிங் செக்‌ஷனில் ராயக்கோட்டைக்காரர் ஒருவர் இருந்தார். கம்பெனி பஸ்ஸில் போகும்போது படிப்பவர் என்று தெரியாமல், மூச்சுவிட இடம் தராத ஒரு த்ரில்லரைக் கொடுத்துவிட்டேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பஸ் ஷெட்டில் டிரைவர் தோளைத் தட்டியபோதுதான் தலை நிமிர்ந்தாராம். மறுநாள் அவர் மனைவி எனக்கு போன் போட்டு, இனிமேல் அந்த மாதிரி புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுங்கள் என்றார்.

மூன்றாவது கேள்வி, படித்து முடித்ததும் யாரிடம் சொல்வீர்கள் என்பது. ஆரம்பத்தில் இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ ஒப்புக்குக் கேட்பேன். "சொல்ல ஆள் இருக்கறவனுக்கு எதைக் குடுத்தாலும் படிப்பான்மா. இல்லாதவனுக்குத்தான் பாத்துக் குடுக்கணும்" என்பார் சார். காதல் கதை விஷயத்தில் இந்தக் கேள்விக்கு நல்ல பலன் இருந்தது. பெயின்ட் ஷாப் ஆம்பிளைகள் காதல் கதையைப் பேப்பரில் சுற்றித்தான் வாங்கிப்போவார்கள், என் தங்கச்சிக்கு மேடம் என்று. படித்து முடித்ததும் தங்கை யாரிடம் சொல்லும் என்று கேட்டால் போதும், முகம் சிவந்துவிடும். அதில் ஒருவருக்குத் தங்கையே கிடையாது.

இதையெல்லாம்விட ஒன்றில் சார் மிகவும் கறாராக இருந்தார். புத்தகத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுக்கக்கூடாது. குடிக்கிற புருஷனைத் திருத்த வேண்டும் என்று ஒரு பெண் கேட்டதற்காக, ஈரல் கெட்டுப்போவதைப் பற்றிய ஒரு மருத்துவப் புத்தகத்தை எனக்கு முன்னால் இருந்தவர் கொடுத்தாராம். அந்த ஆள் ஒரே மூச்சில் படித்தார், பயந்துபோனார், பயம் தெளிய இரண்டு நாள் விடாமல் குடித்தார். அதிலிருந்து சார் அப்படியொரு சட்டம் போட்டுவிட்டார்.

டீ பேச்சும் அவர் ஏற்பாடுதான். சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து இரண்டாவது ஷிஃப்ட் தொடங்குகிற இடைவெளியில், சமீபத்தில் படித்த புத்தகத்தைப் பற்றி யாராவது ஒருவர் எழுந்து சொல்லவேண்டும். முன்பு தேனீக்களைப் பற்றி ஒருவர் பேச ஆரம்பித்து, ஷிஃப்ட் மணி அடித்தும் நிறுத்தாததால், லைனில் ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். எதிர்மாறாக, நல்லா இருந்துச்சு என்று ஒரே வரி சொல்லி உட்கார்ந்துவிடுகிற கூச்சக்காரர்களும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து சார் ஒரு வழி செய்தார். பேச எழுந்தவர் கையில் ஒரு கிளாஸ் டீ கொடுக்கப்படும். டீ தீர்ந்தால் பேச்சை நிறுத்தவேண்டும். டீ இருக்கும்போது உட்காரக்கூடாது. முடிவைச் சொல்லிவிட்டால் அன்றைய கிளாஸ்களை எல்லாம் அவரே கழுவவேண்டும். வாயாடிகள் ஊதி ஊதிச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பார்கள். கூச்சக்காரர்கள் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார்கள். கிளாஸ் கழுவினாலும் பரவாயில்லை என்று கொலைகாரனின் பெயரைச் சொல்லிவிடுகிற ஒரு பாவியும் இருந்தார். அவர் எழுந்தாலே நாங்கள் காதைப் பொத்திக்கொள்வோம்.

இனி டேக் விஷயத்துக்கு வருகிறேன். முனிரத்தினம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் சீனியர் இன்ஸ்பெக்டர். எங்கள் கம்பெனியில் செய்வது வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள். அவர் கைக்குத் தப்பி ஒரு பீஸ்கூட வெளியே போகாது. சரியாக இருந்தால் பச்சை டேக், திரும்பச் செய்யவேண்டும் என்றால் மஞ்சள், வேண்டாம் என்றால் சிவப்பு. சிவப்பில் காரணம் எழுதியே ஆகவேண்டும். சிவப்பு டேக் கட்டியதை யாரும் தொடக்கூடாது. கட்டியவர்தான் அவிழ்க்கலாம். இது ஃபாக்டரி சட்டம். முனிரத்தினம் இதை அப்படியே படிப்பறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கதை என்பது எவனோ உட்கார்ந்து எழுதின பொய் என்பது அவர் கட்சி. கிணறு வெட்டுவது, கோட்டைகளின் வரலாறு, முதுகுவலி என்று நிஜமான விஷயங்களைத்தான் எடுத்துப்போவார். யாரோ சீண்டியதில், கதைகளில் எவ்வளவு குறை இருக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்பினார். நான் படிக்கவில்லை, சோதிக்கிறேன் என்பார். திரும்பி வரும் நாவலில் சிவப்பு டேக் தொங்கும். பக்கம் அறுபதில் நாயகன் நீலச் சட்டை, அறுபத்திரண்டில் வெள்ளைச் சட்டை, நடுவில் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு த்ரில்லரில் நாயகன் கிருஷ்ணகிரியில் கார் எடுத்து ஒரு பாட்டு முடிவதற்குள் ஓசூருக்கு வந்துவிடுகிறான். நடுவில் சூளகிரி எங்கே போயிற்று என்று எழுதிக் கட்டியிருந்தார். எங்கள் ஆட்கள் பழக்கதோஷத்தில் சிவப்பு டேக் கட்டிய புத்தகத்தைத் தொடமாட்டார்கள். நான் சாரிடம் அழாத குறையாக முறையிட்டேன். சட்டம் சட்டம்தானே, கட்டியவர்தான் அவிழ்க்கவேண்டும் என்று சிரித்துக்கொண்டே கைவிரித்துவிட்டார்.

முனிரத்தினத்தின் மகள் கவிதா வொயரிங் செக்‌ஷனில் இருந்தாள். அம்மா இல்லாத பெண். சிறு வயதிலேயே தவறிவிட்டார்கள். அப்பாவுக்கு முதல் ஷிஃப்ட், மகளுக்கு இரண்டாவது. வீட்டில் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவார். ஆகவே அவர்கள் பார்த்துப் பேசிக்கொள்கிற இடம் எங்கள் படிப்பறைதான். அவர் ஷிஃப்ட் முடிந்து வருவார், அவள் ஷிஃப்ட்டுக்குப் போகுமுன் வருவாள். ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, நேற்றுப் படித்ததை அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் படிப்பதெல்லாம் காதல் கதை. அதையும் அவள் சொல்லுவாள், அவர் குறை கண்டுபிடிப்பார். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

பிறகு அவர்கள் வேறு வேறு நேரத்தில் வர ஆரம்பித்தார்கள். பெஞ்சு காலியாக இருந்தது. விஷயம் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸில் இருக்கும் மஞ்சு என்கிற பையனைக் கவிதா கட்டிக்கொள்ள விரும்புகிறாள். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பையன். முனிரத்தினம் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கன்னடக்காரன் வேண்டாமாம். லாரி டிரைவர்களோடு நாள் முழுக்கக் கன்னடத்தில் சண்டை போட்டு, சாரிடம் தெலுங்கில் ஊர்க்கதை பேசுகிற மனிதர், ஓசூரில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? மொழி ஒரு சாக்கு. பையன் வேறு ஆட்கள். ராயக்கோட்டைப் பக்கத்து ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்பதுதான் அவருக்கு. அதை அவர் வாயால் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை.

கவிதா தானே முதலில் ஒரு வைத்தியம் செய்து பார்த்தாள். ஒரு காதல் கதையை அவர் டிஃபன் பையில் வைத்துவிட்டாள். அதில் பிடிவாதக்கார அப்பா கடைசியில் அழுது மகளைச் சேர்த்துக்கொள்கிறார். இரண்டே நாளில் சிவப்பு டேக்கோடு என் மேஜைக்கு வந்தது. அப்பா ஒரே ராத்திரியில் மனம் மாறுகிறார், நடைமுறைக்கு ஒவ்வாது என்று காரணம் எழுதியிருந்தார். அதைப் பார்த்துக் கவிதா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நீங்க ஒண்ணு பாத்துக் குடுங்க்கா. நீங்க குடுத்தா சந்தேகப்பட மாட்டாரு" என்றாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் போய்ப் பண்ணிக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அவரு வந்து பக்கத்துல நிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வேணாங்க்கா. மஞ்சுகிட்டயும் சொல்லிட்டேன். அவுங்க வீட்டுல தை மாசம் வரைக்கும்தான் பாப்பாங்களாம்."

சாரிடம் போய் நின்றேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஆகாது என்றார். "அந்தாளா கேட்டு வந்தா, அந்தாளுக்குப் புடிச்சதக் குடுங்கம்மா. கவிதாவுக்குப் புடிச்சதக் குடுக்காதீங்க." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட இவருக்குச் சட்டம் பெரிதா என்று இரண்டு நாள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து முனிரத்தினம் தானாகவே வந்தார். படிக்க ஏதாவது வேண்டும் என்றார். முறைப்படி கேட்டேன். பாதியில் எதை வைத்தீர்கள் என்றதற்கு, முழுதாகப் பார்க்காமல் ரிஜெக்ட் செய்வது தப்பு, அதனால் எதையும் பாதியில் வைப்பதில்லை என்றார். எங்கே படிப்பீர்கள் என்றதற்கு, வீட்டில்தான், இப்போதெல்லாம் டிவி போடுவதில்லை என்றார். மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். ஜன்னலோர பெஞ்சைப் பார்த்தார்.

"யார்கிட்டயும் இல்லீங்க மேடம்" என்றார்.

அந்த நேரத்தில் மாத்திரை எதுவும் என் ஞாபகத்துக்கு வரவில்லை, சத்தியமாக. இந்த மனிதருக்குப் பொழுது போகவேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. ஒரு மர்மக் கதையை எடுத்துக் கொடுத்தேன். பழைய நூற்பாலை ஒன்றில் நடக்கிற கதை. உள்பக்கமாகப் பூட்டிய பஞ்சு கோடவுனில் கணக்கர் செத்துக் கிடப்பார். பூட்டு, சாவி, யார் எப்போது எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்று எல்லாம் ஃபிட்டிங் பார்த்துப் பொருத்தின மாதிரி இருக்கும். அவர் உட்கார்ந்து ஆசைதீரச் சோதிக்கலாம். மில் மேனேஜரின் மகளுக்கு ஒரு காதலும் அதில் உண்டு. சாம்பாரில் கறிவேப்பிலை மாதிரி ஓரமாகக் கிடக்கும், ஒதுக்கிவைத்துவிட்டுச் சாப்பிடலாம். நான் திட்டம் போட்டுத்தான் கொடுத்தேன் என்று இன்றைக்கும் கம்பெனியில் சொல்கிறார்கள். மறுத்து மறுத்துப் பார்த்து இப்போது விட்டுவிட்டேன். நீயாவது அதை நம்பாதே நித்யா.

அடுத்த வாரம் புத்தகத்தோடு வந்து, இந்தச் சனிக்கிழமை டீ பேச்சு நான் பேசுகிறேன் என்றார். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் பேசியதில்லை. நான் ரிப்போர்ட்தான் கொடுப்பேன், கதாகாலட்சேபம் செய்யமாட்டேன் என்று கேலி செய்கிறவர். இப்போது என்ன வந்தது என்று யோசித்தேன். புத்தகம் பிடித்துப்போய்விட்டது, சொல்ல வீட்டில் ஆள் இல்லை. வேறு ஒன்றுமில்லை.

அன்றைக்கு உட்கார இடம் இல்லை. இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் கதவை ஒட்டி நின்றார்கள், நீலக் கோட்டோடு கவிதாவும் அங்கேதான் நின்றாள். அப்பா பேசுகிறார் என்று யாரோ சொல்லி ஓடிவந்திருக்கிறாள். சார் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முனிரத்தினத்தின் கையில் டீ கொடுத்தேன்.

மனுஷன் என்ன அழகாகப் பேசினார் தெரியுமா? பஞ்சு கோடவுனின் பூட்டை அவர் வர்ணித்தபோது, டூல் ரூம் ஆட்கள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். எந்தச் சாவி எந்தக் கையில் இருந்தது என்று கிளாஸைப் பிடித்த கையாலேயே ஆட்டி ஆட்டிக் காட்டினார். குடிக்கவே மறந்துவிட்டார். கடைசியில், எல்லாம் சரி, ஒரே ஒரு குறை இருக்கிறது, அதனால்தான் சிவப்பு போட்டிருக்கிறேன் என்று சொல்லி டேக்கைத் தூக்கிக் காட்டினார்.

"அந்த மில்லு மேனேஜரு. அவன் பொண்ணு ஒரு பையனக் கட்டிக்கறேங்குது. அவன் வேணாங்கறான். ஏன் வேணாம்? பையன் குடிக்கறானா, இல்ல. வேலைவெட்டி இல்லாதவனா, அதுவும் இல்ல. திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், ஒரு பக்கத்துலயும் காரணம் இல்ல. நம்ம லைன்ல காரணம் எழுதாம ஒரு பீஸத் தள்ள முடியுமா? எழுதறதுக்குக் காரணம் இல்லன்னா அது ஓகே பீஸு. பாஸ் பண்ணித்தான் ஆவணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் எங்களைப் பார்த்தார். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கண் கதவுப் பக்கம் போயிற்று. கவிதா மட்டும்தான் அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் என்ன பேசினோம் என்று அவருக்கு உறைத்துவிட்டது. சட்டென்று உட்காரப்போனார்.

"முனிரத்தினம், டீ இருக்குது" என்றார் பின்னாலிருந்து சார்.

அந்த நிமிஷம் சாரின் கழுத்தைப் பிடித்திருப்பேன். ஒரு மனிதன் அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகி நிற்கும்போது சட்டம் பேசுவதா? முனிரத்தினம் பாதி உட்கார்ந்தவர் திரும்ப நிமிர்ந்தார். கிளாஸில் பாதிக்கு மேல் டீ இருந்தது. ஆடை கட்டிவிட்டது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே மடக்கில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம், ஆறிப்போன டீதான். அப்படிச் செய்யவில்லை.

"காரணம் இருந்திருக்கும்" என்றார், குரல் இறங்கிப்போய். "எழுதிப் பாத்திருப்பான். எழுதனதப் படிச்சா அவனுக்கே வெக்கமா இருந்திருக்கும். அதான் எழுதாம வுட்டுட்டான்."

அதற்குப் பிறகு டீயைக் குடித்தார். கிளாஸை என் மேஜையில் வைத்தார். ஷிஃப்ட் மணி அடித்தது. லைன் யாருக்காகவும் நிற்காது, கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அவர் யாரையும் பார்க்காமல் கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தார். சினிமாவில் வருகிற மாதிரி ஓடிக் கட்டிப்பிடித்துக்கொள்வதெல்லாம் நடக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு சாரைப் பிடித்துக்கொண்டேன். அப்படி என்ன ஒரு கிளாஸ் டீ என்று கேட்டேன். அவர் பேனாக்களைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "பாதியில உக்காரவுட்டிருந்தா அந்தாளு இனி இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாரும்மா. இப்ப முழுசாப் பேசிட்டாரு. வருவாரு." நாவலே படிக்காத மனிதர்.

திங்கட்கிழமை முனிரத்தினம் வந்தார். யாரிடமும் பேசாமல் அந்த மில் கதையை எடுத்து, சிவப்பு டேக்கை அவிழ்த்தார். பாஸா என்று கேட்டேன். ரீவொர்க் என்று சொல்லிவிட்டு மஞ்சள் டேக்கைக் கட்டினார். எழுதி அச்சடித்த புத்தகத்தில் ரீவொர்க் செய்ய என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அத்தனை அசடு இல்லை நான்.

அதற்குப் பிறகு பல வாரம் ஒன்றும் நடக்கவில்லை. கவிதாவைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்பேன், அவள் உதட்டைப் பிதுக்குவாள். பேசுவதில்லையாம். ஆனால் அவள் எழுந்திருக்கும்போது சாதம் வடித்து மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். கார்த்திகையும் போய்விட்டது. மஞ்சு வீட்டில் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டதாகப் பேச்சு அடிபட்டது. எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காமல் போய்விடுமோ என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

பிறகு ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்ததும் முனிரத்தினம் வந்து நின்றார். தலைமுடி வெட்டி, புதுச் சட்டை போட்டிருந்தார். புத்தகம் வேண்டும் என்றார். நான் வழக்கம்போல் கேட்டேன். பாதியில் வைத்தது எது? அந்தக் கேள்விக்குத்தான் முன்பே பதில் சொல்லிவிட்டேனே என்று சலித்துக்கொண்டார். எங்கே படிப்பீர்கள்? வீட்டில்தான், ஆனால் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல் பஸ்ஸிலும் படிக்கவேண்டியிருக்கும் என்றார். ஆனேக்கல் மஞ்சுவின் ஊர்ப்பக்கமாயிற்றே. மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். படித்து முடித்ததும் யாரிடம் சொல்வீர்கள்?

"மாப்ளகிட்டதான்" என்றார். "அவனுக்குப் படிக்க சோம்பேறித்தனம் மேடம். தமிழு பேசுவான், படிக்க வராது. நாம சொன்னா நல்லா வாயப் பொளந்துகிட்டு கேக்கறான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகம் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று அந்தப் பக்கம் பார்த்தபடியே கேட்டேன். காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாராம். ஒருவரும் எழுதித் தரவில்லையாம்.

"தேடாதீங்க மேடம். அந்த மில்லு கதையவே குடுங்க. மொதல்ல அத சொல்லணும் அவனுக்கு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் டேக்கை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பச்சை கட்டுவார் என்று காத்திருந்தேன். கட்டவில்லை. என்ன, இன்னும் பாஸ் இல்லையா என்று கேட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"கல்யாணம் முடியட்டும்" என்றார்.

அந்தப் புத்தகம் மூன்றாவது பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது நித்யா. பச்சை டேக் கட்டியிருக்கும். அதை மட்டும் கத்தரிக்காதே.